‘வரட்டும்’ என்று சொன்ன வீடு

இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். விதிகளைப் பற்றி எழுதப்போவதில்லை. அதற்குத்தான் தலையணை தடிமனில் புத்தகம் கொடுத்திருப்பார்களே. எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல் என்பதை உங்கள் ஆபீஸ் குமாஸ்தா என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் எழுத வந்தது வயிற்றைக் கலக்கும் சமாசாரம். இந்த வேலையில் வயிறே கலங்காத ஆட்கள் உங்களில் யாராவது இருந்தால் தயவுசெய்து வேறு இலாகாவுக்கு மாற்றல் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் படியுங்கள்.

ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் நான் திருச்சியில் நன்னடத்தை அலுவலராக இருந்தேன். பெண் அதிகாரி என்பது அப்போது அபூர்வம். கிராமத்துக்குள் நுழைந்தால் அம்மை குத்த வந்தவள் என்று நினைத்துக் குழந்தைகள் ஓடி ஒளியும். வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். “ஊர்ல இருக்கற பொண்ணெல்லாம் ஸ்கூல், பாங்க்னு போறா. நீ மட்டும் கொலைகாராளைத் தேடிண்டு பஸ் ஏறிப் போறயேடி, ரங்கநாதா!” என்று என் தாயார் தினமும் காலையில் அர்ச்சனை செய்துவிட்டுத்தான் டிபன் டப்பாவைக் கையில் கொடுப்பார்.

கைதி ஒருவர் பரோலில் சில நாட்கள் வீட்டுக்குப் போக விண்ணப்பித்தால், அந்த வீட்டாரும் ஊராரும் என்ன சொல்கிறார்கள் என்று நேரில் போய் விசாரித்து எழுதுவது எங்கள் வேலைகளில் ஒன்று. ‘வரட்டும்’ என்றால் சம்மதம். ‘வேண்டாம்’ என்றால் ஆட்சேபணை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது, செவந்திலிங்கத்தின் விண்ணப்பம் என் மேஜைக்கு வரும்வரை.

பெயரை மாற்றியிருக்கிறேன். இலாகாக் காகிதத்தில் கைதியை ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும், நானும் சர்வீஸ் முழுக்க அப்படியே எழுதினேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், அதனால் அவன் என்றே சொல்கிறேன். முக்கொம்பு போகும் சாலையில், வாய்க்கால் கரையோரமாக ஓர் ஊர், சுற்றிலும் வாழைத் தோட்டம். தண்ணீர் பாய்ச்சுகிற தகராறில் ஒருவரை மண்வெட்டியால் அடித்து முதலில் உள்ளே போனான். வெளியே வந்த சூட்டோடு சந்தையில் ஒரு மாட்டுத் தரகரின் தாடையை உடைத்து மறுபடி போனான். மூன்றாவது முறை, கட்டிய மனைவி அங்காயி. சோறு ஆறிப்போயிருந்தது, அவ்வளவுதான் காரணம். அரிவாளுக்குக் குறுக்கே அவள் கையைக் கொடுத்ததால் உயிர் தப்பியது. வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் பிச்சமுத்து அன்று தற்செயலாக அங்கே இருந்தார், பாய்ந்து பிடித்தார். கோர்ட்டில் சாட்சி சொன்னவரும் அவர்தான். அதன் பிறகு அங்காயி பொன்மலையில் அண்ணன் வீட்டோடு இருந்தாள்.

ஜெயிலில் இவன் தங்கக் கம்பி. சண்டை கிடையாது, எதிர்த்த பேச்சு கிடையாது. ஜெயிலில் அடிப்பதற்கு மனைவி இல்லை, வாய்க்கால் தண்ணீர் இல்லை, அப்புறம் என்ன? நான் திருச்சிக்கு வருவதற்கு முன்பே இரண்டு தடவை பரோலில் போய் வந்திருந்தான். இரண்டு தடவையும் குடும்பத்தார் சம்மதம், ஊராருக்கு ஆட்சேபணை இல்லை, புகார் ஏதுமில்லை, குறித்த நாளில் திரும்பினார் என்று ஃபைலில் இருந்தது. இப்போது அவனுடைய தாயார் இறந்துபோயிருந்தார். ஒரே மகன். கொள்ளியைப் பங்காளி ஒருவர் வைத்துவிட்டார், பதினாறாம் நாள் கருமாதிக்காவது மகனை விட வேண்டும் என்று விண்ணப்பம்.

நான் போனபோது கிராம முன்சீப் வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. எனக்கு நாற்காலி போட்டார்கள், இளநீர் வந்தது.

“பெத்த தாய்க்குக் காரியம் பண்ணப் புள்ள வர வேணாம்னு எந்த நாக்கும்மா சொல்லும்? வரட்டும்” என்றார் முன்சீப்.

“வரட்டுங்க” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். “வரட்டும், வரட்டும்” என்று பின்னால் நின்றவர்களும் சொன்னார்கள். அங்காயியைப் பொன்மலையிலிருந்து வரவழைத்திருந்தார்கள். தூணுக்குப் பின்னால் நின்றாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

“நீ என்னம்மா சொல்றே?” என்று கேட்டேன்.

கூட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. “வரட்டுங்க” என்றாள்.

எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் தெருவில் கொஞ்சம் நடந்தேன். அது ஆவணி மாதம், முகூர்த்த நாட்கள் நெருங்கிய சமயம், வாழை இலைக்குக் கிராக்கி, அரிவாளுக்கு ஓய்வே இருக்காது. அந்தப் பக்கத்து ஊர்களில் எந்த வீட்டுத் தாழ்வாரத்திலும் கூரை விளிம்பில் அரிவாள் செருகியிருக்கும், கைக்கு எட்டுகிற மாதிரி. இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் அரிவாள் இல்லை. ஒரு வீட்டில் நின்று பேச்சுக் கொடுத்துக் கேட்டேன். “சாணை பிடிக்கக் குடுத்திருக்குங்க” என்றார்கள். எதிர் வீட்டில் கேட்டேன். “சாணைக்குப் போயிருக்கும்மா.” கோடி வீட்டில் ஒரு பெரியவர், நான் கேட்கும் முன்பே, “சாணைக்குக் குடுத்தாச்சு” என்றார். அப்படிப் பார்த்தால் திருச்சியில் சாணை பிடிக்கிறவர் அன்று மாடி வீடு கட்டியிருக்க வேண்டும்.

வாய் வரட்டும் என்கிறது, கை அரிவாளை ஒளித்து வைக்கிறது. எந்தப் படிவத்தில் இதை எழுதுவது? பஸ்ஸில் வரும்போது டிபன் டப்பாவைத் திறக்கவே தோன்றவில்லை.

மறுநாள் காலை பொன்மலைக்குப் போனேன். பிச்சமுத்து ஷிப்டுக்குப் போயிருந்தார். அங்காயி மட்டும் வீட்டுப் பின்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பெண் அதிகாரியாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, ஒரு பெண்ணோடு கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பேசினால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

“இங்க யாரும் இல்ல. இப்ப சொல்லு. போன ரெண்டு தடவையும் வந்தப்ப என்ன நடந்துச்சு?”

துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். மெல்ல மெல்லத்தான் வந்தது. முதல் தடவை கோயில் திருவிழாவில் பக்கத்து வீட்டுக்காரரின் பல்லை உடைத்திருக்கிறான். ஊருக்கே நல்லவர் போல ‘வரட்டுங்க’ என்று சொன்னாரே, அவருடைய பல். இரண்டாம் தடவை பொன்மலைக்கே வந்து இவளை இழுத்துக்கொண்டு போய், திரும்பிப் போகும் நாள்வரை உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருக்கிறான்.

“போலீஸ்ல ஏம்மா சொல்லல?”

“சொல்லி? இன்னும் நாலஞ்சு நாள்ல தானா போயிருவாருன்னு எல்லாரும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தாங்க. புகார் குடுத்தா கேசு, வாய்தா. அப்புறம் அதுவும் முடிஞ்சு வருவாருல்ல?”

போய்விடுவான் என்பதால் யாரும் புகார் சொல்வதில்லை. புகார் இல்லாததால் நடத்தை திருப்தி. நடத்தை திருப்தி என்பதால் அடுத்த பரோல். இந்தச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

“சரி, இப்ப என்கிட்ட வேணாம்னு சொல்லு. நான் எழுதிக்கறேன்.”

அவள் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க எழுதுனத அவருக்குப் படிச்சுக் காட்டுவாங்கல்லம்மா? பொண்டாட்டி வேணாங்குறா, அதனால லீவு இல்லேன்னு. படிச்சுக் காட்டமாட்டாங்களா?”

காட்டுவார்கள். காரணம் சொல்லித்தான் மறுக்க வேண்டும் என்று விதி. நல்ல எண்ணத்தோடு போட்ட விதிதான். அவனுக்கு நியாயம் வேண்டும் என்று நினைத்தவர்கள், அந்தக் காரணம் பொன்மலையில் தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருக்கும் என்பதை யோசிக்கவில்லை.

அதனால் அவள் பெயரை இழுக்காமல், என் சொந்தக் கருத்தாக, அனுப்புவது ஆபத்து என்று எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டார். தங்கமான மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

“காரணம் எங்கம்மா?”

“தெருவுல ஒரு அரிவாள்கூட இல்லை சார். எல்லாம் சாணைக்குப் போயிருக்குன்னு சொல்றாங்க.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான். “சாணைக்குப் போனதுக்காக ஒருத்தன் தாயாரோட கருமாதிய நிறுத்தச் சொல்றீங்களா? ஊரே சம்மதம் சொல்லியிருக்கு. நான் கையெழுத்துப் போட மறுத்தா எங்க வீட்டுலயே எனக்குச் சோறு போடமாட்டாங்கம்மா.”

இதுதான் நம் ஊரில் நடக்கிற தவறு. அறுவடைக்கு என்று கேட்டிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். தாயாரின் காரியம் என்றதும் ஜெயில், போலீஸ், எங்கள் ஆபீஸ், ஊர், எல்லோருக்கும் மனசு இளகிவிட்டது. எனக்கும்தான். அவனுக்கு அழ உரிமை இல்லையா என்று நானே ராத்திரியெல்லாம் புரண்டிருக்கிறேன். நான் நச்சரித்ததற்காக ஒரே ஒரு சலுகை கிடைத்தது. கருமாதி அன்று மட்டும் ஒரு கான்ஸ்டபிள் கூட இருப்பார்.

அதோடு தீரவில்லை. கருமாதியில் ஒரு வழக்கம் உண்டு. காரியம் செய்யும் மகன் தலைமுழுகி வந்து உட்கார்ந்ததும், பெண் கொடுத்த வீட்டார் புதுத் துணி கொண்டுவந்து அவன் தலையில் கட்டிவிட வேண்டும். உருமால் கட்டுவது என்பார்கள். மைத்துனன்தான் கட்ட வேண்டும். அதாவது பிச்சமுத்து. கோர்ட்டில் எதிர்த்துச் சாட்சி சொன்ன மனிதர், அவன் எதிரில் குனிந்து, இரண்டு கையையும் அவன் தலைக்குக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். கட்டாவிட்டால் சபையில் அவமானம். அந்த அவமானத்துக்கு அவன் எங்கே போய்க் கணக்குத் தீர்ப்பான் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிச்சமுத்துவைப் பட்டறை வாசலில் பிடித்தேன். “வராதீங்க. லீவு கிடைக்கலைன்னு சொல்லி அனுப்பிடுங்க.”

“பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா?”

“ஆமா. ரயில்வே மேல பழியப் போடுங்க. ரயில்வேய யாரும் வெட்ட முடியாது.”

அரை மனதோடு தலையாட்டினார். அவருக்குப் பதிலாகச் சித்தப்பா முறையில் ஒரு முதியவர் துணியைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. ஆனால் அங்காயி போகாமல் இருக்க வழியில்லை. படையல் சோறு பொங்க வேண்டியது மருமகள்தான் என்று ஊரார் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்கள். “நீங்க அங்க இருப்பீங்கல்லம்மா?” என்று மட்டும் கேட்டாள். இருப்பேன் என்றேன்.

காரியம் அம்மா மண்டபத்தில். எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். பிறந்ததிலிருந்து அந்தப் படித்துறையில் குளித்திருக்கிறேன். அன்றுதான் அந்த இடம் பயமாக இருந்தது. காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. படி முழுக்கக் கும்பல் கும்பலாகக் காரியங்கள். ஓரமாக நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் விரித்த துணியில் இரண்டு மூன்று சவரக்கத்தி. ஓர் ஊரே அரிவாளை ஒளித்து வைத்தது, இங்கே கத்திகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. இதை நான் யோசிக்கவே இல்லை.

செவந்திலிங்கத்தை அன்றுதான் முதல் தடவையாக அருகில் பார்த்தேன். அடர்ந்த முடி, கடா மீசை, நல்ல உயரம். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். “அம்மாவுக்குப் பெரிய மனசு” என்றான். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, “மச்சான் வரலீங்களா?” என்று கேட்டான்.

“பட்டறையில லீவு குடுக்கலியாம்” என்றார் துணிகொண்டு வந்த முதியவர்.

“அப்படிங்களா. சரி, சரி” என்று அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தான். மழித்துக்கொள்ள உட்கார்ந்தான்.

கான்ஸ்டபிள் பூட்ஸைக் கழற்றி மண்டபத்துப் பக்கம் வைத்துவிட்டு, காரியம் நடக்கிற இடத்தில் காக்கிச் சட்டை எதற்கு என்று மரியாதையாக ஒதுங்கி நின்றுகொண்டார். நான் மேல்படியில், அங்காயி சோறு பொங்கிய இடத்தில், அவளோடு இருந்தேன். முடியும் மீசையும் போய், பங்காளிகளோடு அவன் ஆற்றில் இறங்கினான். எல்லோருக்கும் மொட்டைத் தலை, இடுப்பில் ஈர வேட்டி. பக்கத்துக் காரியத்தில் ஒரு கும்பல் மொட்டை. அதற்கு அப்பால் இன்னொரு கும்பல். எல்லோரும் முழுகி எழுந்தார்கள்.

எனக்கு அவனைத் தெரியவில்லை. ஒரு தலையைப் பார்த்து இவன்தான் என்று நினைத்தேன். அந்த ஆள் திரும்பினார், வேறு முகம். இன்னொருவர். அவரும் இல்லை. ஓடிப்போய்க் கான்ஸ்டபிளைக் கேட்டேன். “நம்ம ஆளு எதுங்க?”

“அதோ, மீசை...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் இன்னும் மீசையைத்தான் தேடிக்கொண்டிருந்தார். தலை மழிப்பதற்காகவே ஒருவனை வெளியே விட்டோம். மழித்த பிறகு அவன் எப்படி இருப்பான் என்று எங்களில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. உங்கள் பொறுப்பில் இருக்கும் ஆள் நேற்று எப்படி இருந்தான் என்பதைப் போட்டோ சொல்லும். நாளை எப்படி இருப்பான் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அதே சமயம் கீழே, நாவிதர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “ஏய்யா, என் கத்தி ஒண்ணு காணுமே, நீ எடுத்தியா?” என்று கேட்பது காதில் விழுந்தது. அவன் தப்பி ஓடியிருந்தால்கூடத் தேவலை என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டேன். எங்கள் இலாகாவில் வேறு யாரும் அப்படி வேண்டியிருக்க மாட்டார்கள்.

மேலே ஓடி வந்தேன். அங்காயியின் கையிலிருந்து அகப்பை கீழே விழுந்து கிடந்தது. அவள் ஆற்றைப் பார்க்கவில்லை. இடது பக்கம், பெண்கள் துணி மாற்றும் சுவரை ஒட்டிய படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வழியாகவும் ஒரு மொட்டைக் கும்பல் ஏறி வந்துகொண்டிருந்தது.

“எங்கம்மா? எந்த ஆளு?”

வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் மனதில் ஓடியது எனக்குத் தெரிந்தது. சொன்னால் அவன் காதுக்குப் போகும். சொல்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம், போய்விடுவான். இத்தனை வருஷம் அவளை உயிரோடு வைத்திருந்த கணக்கு அது. அதை உடனே மாற்றிக்கொள் என்று கத்துவதில் பிரயோஜனமில்லை.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். “வாயால சொல்ல வேணாம். கையக் காட்டு, போதும்.”

முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினாள். சுட்டிக் காட்ட விரல் இல்லை. முழுக் கையையும் நீட்டினாள்.

மூன்று நான்கு பேருக்குப் பின்னால், தோளில் ஈரத் துண்டோடு, நிதானமாகப் படியேறிக்கொண்டிருந்தான். நீட்டிய கையை அவனும் பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. நான் கத்தினேன். உத்தர வீதிப் பெண் ஒருத்தி அம்மா மண்டபத்தில் அப்படித் தொண்டை கிழியக் கத்தியதை அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கான்ஸ்டபிள் வெறுங்காலோடு ஓடி வந்து பிடித்தார். துண்டு மடிப்பிலிருந்து கத்தி விழுந்தது.

“தாடையில ரெண்டு முடி விட்டுப்போச்சுங்க. அதான் வாங்கியாந்தேன்” என்றான் பணிவாக.

இதற்கு மேல் நடந்தது உங்களுக்கு நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். “காரியத்த முடிச்சிட்டுப் போகட்டும்மா, பாதியில நிறுத்தக் கூடாது” என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். அதே மனிதர்கள், அரிவாளை ஒளித்து வைத்தவர்கள். முடித்தார்கள். கான்ஸ்டபிள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, முதியவர் நடுங்கிக்கொண்டே உருமாலைக் கட்டினார். அப்போது அவன் அழுதான். “என்னப் பெத்த தாயே” என்று தேம்பித் தேம்பி அழுதான். அது நடிப்பில்லை. அத்தனை நாள் விசாரித்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த அழுகை நிஜம். கத்தியும் நிஜம். ஒன்று உண்மையென்றால் மற்றது பொய்யாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் இந்த வேலையில் ஏமாறுகிறார்கள்.

பரோல் முடிய இன்னும் நாட்கள் இருந்தன. “ஊருக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, நேரா ஜெயிலுக்குப் போங்க” என்றேன் கான்ஸ்டபிளிடம்.

“ஆர்டர் இல்லியேம்மா.”

“நான் எழுதித் தரேன்.”

எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவருக்கும் அது தெரியும். ஆனால் அன்று அவருக்கும் வயிறு கலங்கியிருந்தது. “அம்மா கையெழுத்துப் போட்டா எனக்கென்ன” என்று வாங்கிக்கொண்டார்.

எனக்கு மெமோ வந்தது. யார் புகார் கொடுத்தார்கள், மனைவி கொடுத்தாளா என்று கேட்டிருந்தார்கள். யாரும் கொடுக்கவில்லை, என் சொந்த முடிவு என்று பதில் எழுதினேன். காகிதத்தில் அவளைக் காப்பாற்றினேன், ஆனால் அவள் கையை அவன் பார்த்தாகிவிட்டதே. கத்தியைப் பற்றி விசாரணை நடந்தது. நாவிதர், தானே கொடுத்ததாக இருக்கலாம், ஞாபகமில்லை என்றார். ஊரார் நாங்கள் தூரத்தில் இருந்தோம் என்றார்கள். கடைசியில் நடத்தை திருப்தி.

பரோல் மட்டும் பிறகு கிடைக்கவில்லை, அதற்கு நான் மல்லுக்கட்டினேன். ஆனால் தண்டனை என்று ஒன்று இருந்தால் முடிவு என்றும் ஒன்று உண்டு. சிறையில் நல்ல நடத்தைக்காகத் தண்டனை நாட்களில் கழிவு வேறு. பரோல் என்றால் நாங்கள் போய் வீட்டில் கேட்க வேண்டும். விடுதலை என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் சொல்ல வேண்டியதும் இல்லை. மேலதிகாரி ஒரு நாள் பேச்சுவாக்கில், “உங்க சாணைக்காரன் வெளிய வந்துட்டானாம்மா” என்றார். வந்து இரண்டு நாளாகியிருந்தது.

பஸ் பிடித்துப் பொன்மலைக்கு ஓடினேன். எத்தனை கெட்ட காட்சிகளை மனதில் பார்த்தேன் என்று சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வராது. கதவு பூட்டியிருந்தது. வேறு பூட்டு, வேறு ஆட்களின் சாமான்கள். பிச்சமுத்து மாற்றல் வாங்கிக்கொண்டு போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன. எந்த ஊர் என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் ஹூப்ளி என்றார்கள். எதிர் வீட்டில் கரக்பூர் என்றார்கள். கோடி வீட்டில் போத்தனூர்தான், அங்காயியே தன் வாயால் சொன்னாள் என்று சத்தியம் செய்தார்கள். ஆளுக்கு ஓர் ஊர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. திரும்பி வரும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளுக்காக மெமோ வாங்கினேன், ஆற்றங்கரையில் மானத்தை விட்டுக் கத்தினேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அப்படியென்ன நான் யாரோ?

அந்த வாரமே அவன் என் ஆபீசுக்கு வந்தான். முடி வளர்ந்திருந்தது, மீசையும். பெஞ்சில் வெகுநேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டதும் வந்து கும்பிட்டான்.

“பொன்மலைக்குப் போனேங்கம்மா. ஒவ்வொருத்தன் ஒவ்வொரு ஊர் சொல்றான். என் வீட்டுக்காரி எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உங்ககிட்ட சொல்லாம போவாளா?”

“தெரியாதுப்பா.”

முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மனிதர்களின் முகத்தைப் படிப்பதில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன், அதை அம்மா மண்டபத்திலேயே பார்த்திருந்தேன். ஊர் பெயர் எனக்குத் தெரிந்திருந்தால், நான் எத்தனை பொய் சொல்லியிருந்தாலும் அது என் கண்ணில் தெரிந்திருக்கும். என் கண்ணில் ஒன்றுமே இல்லை. அதை அவனும் பார்த்துக்கொண்டான்.

“நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும்” என்றான். “போயிட்டு வரேங்கம்மா.”

அவன் வாசலைத் தாண்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் விசாரணையும் விதியும் கான்ஸ்டபிளும் என் கத்தலும் சேர்ந்து கொடுக்க முடியாத ஒரு காவலை, எங்களில் ஒருவரையும் நம்பாமல் அங்காயி தானே போட்டுக்கொண்டு போயிருந்தாள். என் கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளைக் கும்பிடத் தோன்றியது.

உங்களிடம் சிலர் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள். வருத்தப்படாதீர்கள், தோண்டித் துருவாதீர்கள். நம்மை நம்பியவர்களுக்கு நாம் எவ்வளவு செய்தோம் என்பது நமக்கே தெரியுமே.

அவள் ஹூப்ளிக்குப் போனாளா, கரக்பூருக்கா, நாலாவதாக ஓர் ஊருக்கா, எனக்குத் தெரியாது. ரயில்வே ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். ஊர் ஊராகப் போய் விசாரித்தே சம்பளம் வாங்கியவள் நான். அந்த ஒன்றை மட்டும் இன்றுவரை விசாரிக்கவில்லை.